போருக்குப் பிந்தைய அமெரிக்கச் செழிப்பு: அந்த வீடுகள் எப்படி வந்தன, யாருக்குக் கிடைத்தன?

#1 – தாமிரபரணி

1944-ஆம் ஆண்டில் அமெரிக்கா முழுவதிலும் கட்டத் தொடங்கப்பட்ட தனிவீடுகள் ஏறத்தாழ 1,14,000. ஆறு ஆண்டுகள் கழித்து, 1950-இல், அந்த எண்ணிக்கை 17 இலட்சத்தை நெருங்கியது. 1940-இல் அந்நாட்டுக் குடும்பங்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் சொந்த வீட்டில் வாழ்ந்தனர். 1960-இல் அது 62 விழுக்காடாக உயர்ந்திருந்தது. இவ்வளவு குறுகிய காலத்தில் இத்தனை பெரிய மாற்றம் அந்நாட்டு வரலாற்றில் அதற்கு முன் நிகழ்ந்ததில்லை. ஆனாலும் அந்தக் காலத்து அமெரிக்க வாழ்க்கையைப் பற்றிய பேச்சு எழும்போது நீண்ட கார்கள், குளிர்பதனப் பெட்டிகள், ராக் அண்டு ரோல் இசை ஆகியவற்றைப் பற்றியே பேசுகிறோம். அந்தக் கார் எந்த வீட்டு வாசலில் நின்றது, அந்த வீட்டை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வியை இங்கே விவாதத்திற்கு வைக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் செழிப்பு தானாக விளைந்தது அன்று. அரசு சட்டம் இயற்றி, கடனுக்குப் பொறுப்பேற்று, அதை உருவாக்கியது. போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்கு உதவ, 1944 ஜூன் 22 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஜி.ஐ. சட்டம் அதன் அடித்தளம். முதல் உலகப் போர் வீரர்கள் தங்களுக்கு உறுதியளிக்கப்பட்ட தொகையைக் கேட்டு 1932-இல் வாஷிங்டனில் முகாமிட்டபோது இராணுவத்தைக் கொண்டே அவர்கள் விரட்டப்பட்டார்கள். அதே நிலை மீண்டும் வரக்கூடாது என்ற அச்சமும், போர் முடிந்து ஒன்றரைக் கோடிப் பேர் ஒரே நேரத்தில் வேலை தேடி வந்தால் 1930-களின் பொருளாதாரப் பெருமந்தம் திரும்பிவிடுமோ என்ற கவலையும் இந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தன.

வேலை கிடைக்காத வீரருக்கு வாரம் 20 டாலர் வீதம் 52 வாரங்கள் வரை உதவித்தொகை, கல்லூரியில் சேர்ந்தால் ஆண்டுக்கு 500 டாலர் வரை கட்டணமும் வாழ்க்கைச் செலவுக்கு மாதப் படியும், வீடு வாங்கினால் கடனுக்கு அரசின் உத்தரவாதம் என அதில் மூன்று பகுதிகள் இருந்தன. வேலையின்மை உதவிக்கு ஒதுக்கிய பணத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. கல்வியை நாடியவர்களோ எதிர்பார்ப்பை மிஞ்சினார்கள்: 1956-க்குள் 78 இலட்சம் வீரர்கள் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றனர்; அவர்களில் ஏறத்தாழ 22 இலட்சம் பேர் கல்லூரிக்குச் சென்றவர்கள். 1947-இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் போரிலிருந்து திரும்பியவர்கள். சுரங்கத் தொழிலாளியின் மகன் பொறியாளர் ஆனதும், இத்தாலியிலிருந்து குடியேறிய தையற்காரரின் மகன் மருத்துவர் ஆனதும் இவ்வழியில்தான்.

நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

#2 – வடவாறு

நல்ல தொடக்கம். ஆனால் முடிவில் எனக்கு மாறுபாடு உண்டு. 1945-இல் ஜெர்மனியின் நகரங்கள் இடிபாடுகளாகக் கிடந்தன; ஜப்பானின் தொழில் நகரங்கள் எரிந்து போயிருந்தன; பிரிட்டன் கடனில் மூழ்கியிருந்தது. பெரிய தொழில் நாடுகளில் குண்டு விழாத தொழிற்சாலைகள் அமெரிக்காவில் மட்டுமே இருந்தன. அத்தகைய நாடு செழிப்பதற்குச் சட்டம் தேவையா?

இன்னொன்றும் உண்டு. 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி முற்றிலும் நிறுத்தப்பட்டது. போர்க்காலத்தில் மக்களிடம் வேலை இருந்தது, ஊதியம் இருந்தது, வாங்குவதற்குப் பொருள் இல்லை. பணம் வங்கியிலும் போர்ப் பத்திரங்களிலும் குவிந்தது. 1955-இல் மட்டும் ஏறத்தாழ 79 இலட்சம் கார்கள் விற்றதென்றால், நெடுநாள் அடக்கி வைக்கப்பட்ட தேவையும் சேமிப்பும் கட்டவிழ்ந்ததே காரணம் என்று நான் கருதுகிறேன். அரசு அந்த வெள்ளத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டியது என்ற அளவில் ஒப்புக்கொள்ளலாம்.

#3 – தாமிரபரணி

நண்பர் வடவாறு அவர்களே, சேமிப்பு 1947-இன் தேவையை விளக்கும். 1957-இல் எழுந்த வீடுகளை விளக்காது. அதற்குக் கடன் எப்படி இயங்கியது என்று பார்க்க வேண்டும்.

1920-களில் ஓர் அமெரிக்கர் வீடு வாங்க நினைத்தால் விலையில் பாதி அளவுக்கு முன்பணம் வைத்திருக்க வேண்டும். மீதிக்குக் கிடைக்கும் கடன் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்குத்தான். அதுவரை வட்டி மட்டும் கட்டி வந்து, தவணை முடியும் நாளில் அசல் முழுவதையும் ஒரே தொகையாகச் செலுத்தவோ புதுக் கடன் வாங்கவோ வேண்டும். பெருமந்தத்தில் வங்கிகள் புதுக் கடன் தர மறுத்தபோது, 1933-இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் வீடுகள் கடனுக்காகப் பறிபோயின. 1934-இல் அமைக்கப்பட்ட கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் இந்த முறையையே மாற்றியது. கடன் திரும்பி வராவிட்டால் வங்கிக்கு அரசே ஈடு செய்யும் என்று காப்பீடு அளித்தது. அதன் பலனாக வங்கிகள் சிறிய முன்பணத்துடன், 20, 25, பின்னர் 30 ஆண்டுகள் வரை, அசலும் வட்டியும் கலந்த சமமான மாதத் தவணையில் கடன் கொடுக்க முன்வந்தன. 1944-க்குப் பிறகு வீரர்களுக்கு முன்பணமே தேவைப்படாத நிலை வந்தது. 1944-க்கும் 1952-க்கும் இடையில் இவ்வாறு உத்தரவாதம் பெற்ற வீரர்களின் வீட்டுக் கடன்கள் ஏறத்தாழ 24 இலட்சம்.

இந்தக் கடன் இருந்ததால்தான் லெவிட்டவுன் போன்ற ஊரைக் கற்பனை செய்ய முடிந்தது. நியூயார்க் நகருக்குக் கிழக்கே லாங் தீவில் உருளைக்கிழங்கு விளைந்த நிலத்தை வாங்கி, 1947-இல் லெவிட் குடும்பத்தினர் கட்டத் தொடங்கினார்கள். தந்தை ஆபிரகாம் மரங்களையும் புல்வெளியையும் கவனித்தார். இளைய மகன் ஆல்ஃபிரட் வடிவமைத்தார். மூத்தவர் வில்லியம் நிறுவனத்தை நடத்தினார். அடித்தளக் கூடம் தோண்டாமல் கான்கிரீட் பாளத்தின் மீதே வீட்டை எழுப்பினார்கள். வேலையை இருபத்தேழு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் தன் ஒரே வேலையைச் செய்துவிட்டு அடுத்த மனைக்கு நகர்ந்தது. மோட்டார்த் தொழிற்சாலையில் கார் நகரும், தொழிலாளி நிற்பார். இங்கே வீடு நின்றது, தொழிலாளர்கள் நகர்ந்தார்கள். உச்சக்கட்டத்தில் ஒரே நாளில் முப்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் முடிந்தன. 1951-க்குள் 17,447 வீடுகள் எழுந்துவிட்டன. 1949-இல் ஒரு வீட்டின் விலை 7,990 டாலர். வீரருக்கு முன்பணம் இல்லை. மாதத் தவணை 58 டாலர். நகரத்தில் நெருக்கடியான அடுக்ககத்தில் பெற்றோருடன் வாழ்ந்து வந்த இளம் தம்பதிக்கு, அங்கே கொடுத்த வாடகைக்கு நிகரான தொகையில் மரம் நட்ட சொந்த மனை கிடைத்தது. அந்த மகிழ்ச்சியை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. அதன் பின்னால் அரசின் உத்தரவாதம் இருந்தது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

#4 – நெய்தல்

அந்த மகிழ்ச்சி யாருக்கு அனுமதிக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

லெவிட்டவுனின் தொடக்க கால வாடகை ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. வெள்ளையர் அல்லாத எவரும், வீட்டு வேலையாட்கள் நீங்கலாக, அந்த வீட்டைப் பயன்படுத்தவோ அதில் குடியிருக்கவோ கூடாது என்பது அந்த விதி. இதை ஒரு கட்டுமான நிறுவனத்தின் தனிப்பட்ட வெறுப்பாக மட்டும் படித்தால் பாதிதான் விளங்கும். நண்பர் தாமிரபரணி பாராட்டிய அதே வீட்டுவசதி நிர்வாகம் 1938-இல் வெளியிட்ட மதிப்பீட்டுக் கையேடு, ஒரு பகுதியின் விலை நிலைத்து நிற்க வேண்டுமானால் அங்கே ஒரே சமூக, இனப் பிரிவினரே குடியிருக்க வேண்டும் என்று கூறியது. அதை உறுதிப்படுத்தும் நிபந்தனைகளை விற்பனைப் பத்திரத்தில் எழுதிவைக்கவும் பரிந்துரைத்தது. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் அரசு நிறுவனங்கள் தயாரித்த வரைபடங்களில் சிவப்பு வண்ணம் பூசப்பட்டு, கடன் கொடுப்பதற்கு ஆபத்தானவை என்று குறிக்கப்பட்டன.

ஜி.ஐ. சட்டத்தின் எழுத்தில் இனப் பாகுபாடு எங்கும் இல்லை என்று சிலர் வாதிடுவார்கள். எழுத்தில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சட்டம் நேரடியாகக் கடன் கொடுக்கவில்லை. உள்ளூர் வங்கி சரி என்று சொன்ன பிறகே அரசு உத்தரவாதம் அளித்தது. சட்டத்தை வடிவமைத்த நாடாளுமன்றக் கீழவைக் குழுவின் தலைவர் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த ஜான் ரான்கின். இனப் பிரிவினையை வெளிப்படையாக ஆதரித்த அவர், அதிகாரம் உள்ளூர்க் கைகளிலேயே இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். விளைவு என்ன? 1947-இல் மிசிசிப்பியின் 13 நகரங்களில், வீடு, தொழில், பண்ணை ஆகிய மூன்றுக்கும் சேர்த்து உத்தரவாதம் பெற்ற 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டு. அதே போரில், அதே சீருடையில், அதே நாட்டுக்காகச் சென்று திரும்பியவர்கள் அவர்கள்.

இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1948-இல் தீர்ப்பளித்தது. எழுத்தில் இருந்த விதி மறைந்தது, வழக்கம் மறையவில்லை. இரண்டாவது லெவிட்டவுன் பென்சில்வேனியாவில் 1952-இல் தொடங்கியது. ஐந்து ஆண்டுகள் வரை அங்கே ஒரு கறுப்பினக் குடும்பம்கூட இல்லை. 1957 ஆகஸ்டில் வில்லியம் மையர்ஸ், டெய்சி மையர்ஸ் தம்பதியர் தங்கள் மூன்று குழந்தைகளுடன் அங்கே குடியேறினார்கள். வீட்டை விற்றவர் அதன் முந்தைய உரிமையாளர். கட்டுமான நிறுவனம் அன்று. அவர்கள் வந்த சில மணி நேரத்திலேயே வாசலில் கூட்டம் சேர்ந்தது. அடுத்தடுத்த இரவுகளில் அது நூற்றுக்கணக்கானவர்களாகப் பெருகியது. கல் எறிந்து சன்னலை உடைத்தார்கள். மாநிலக் காவல் படையை ஆளுநர் அனுப்ப வேண்டியதாயிற்று. பின்புறத்தில் இருந்த காலி வீட்டில் கூடி, உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காகப் போரிட்ட பழைய தென்மாநிலக் கூட்டமைப்பின் கொடியை ஏற்றி, உரத்த இசையை ஒலிக்க விட்டுத் தொல்லை கொடுத்தார்கள். வெள்ளையர்களிலும் சிலர் மையர்ஸ் குடும்பத்துடன் இரவு முழுவதும் துணையிருந்தார்கள். அவர்களில் ஒரு குடும்பத்தின் புல்வெளியில் மிரட்டலாகச் சிலுவை எரிக்கப்பட்டது. இறுதியில் நீதிமன்றத் தடையாணையால்தான் அந்தத் தொல்லை ஓய்ந்தது. மையர்ஸ் குடும்பம் அஞ்சி ஓடவில்லை. சில ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்த பிறகுதான் வேறு ஊருக்குச் சென்றது.

#5 – வடவாறு

நெய்தல் அவர்களின் பதிவு மனத்தைக் கலங்க வைக்கிறது. அந்த அநீதியை நான் மறுக்கவில்லை. எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. வீட்டுச் சிக்கலைத் தீர்க்கலாம், அல்லது இனச் சிக்கலைத் தீர்க்க முயலலாம், இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாது என்ற பொருளில் வில்லியம் லெவிட் கூறியிருக்கிறார். வாங்குபவர்களின் மனநிலையே அப்படி இருந்தபோது அரசு அதை உருவாக்கியது என்று எப்படிச் சொல்வது? ஏற்கெனவே இருந்த மனநிலையை அரசு பின்பற்றியது என்று சொல்வதல்லவா சரி?

#6 – நெய்தல்

நியாயமான கேள்வி. இரண்டு சான்றுகளை முன்வைக்கிறேன்.

டெட்ராய்ட் நகரின் வடக்கு எல்லையில், எட்டாவது மைல் சாலைக்கு அருகே, இன்றும் ஒரு கான்கிரீட் சுவர் நிற்கிறது. உயரம் ஆறடி, நீளம் ஏறத்தாழ அரை மைல். கறுப்பினத்தவர் குடியிருந்த பகுதிக்குப் பக்கத்தில் வெள்ளையர்களுக்கு வீடு கட்ட விரும்பிய ஒருவருக்கு, அந்த அண்டைப் பகுதியைக் காரணம் காட்டிக் கடன் காப்பீடு மறுக்கப்பட்டது. 1941-இல் இரண்டு பகுதிகளுக்கும் இடையே இந்தச் சுவரை எழுப்பிய பிறகு அனுமதி கிடைத்தது. இங்கே பிரிவினையைக் கோரியது கடனுக்கான விதி.

மற்றொன்று, பிலடெல்பியாவுக்கு அருகில் மோரிஸ் மில்கிராம் என்பவர் 1954-இல் உருவாக்கிய கான்கார்டு பார்க் என்ற 139 வீடுகள் கொண்ட குடியிருப்பு. எல்லா இனத்தவருக்கும் விற்பது என்ற கொள்கையுடன் அவர் தொடங்கினார். அவருக்கு ஏற்பட்ட முதல் இடர்ப்பாடு வாங்குபவர்களால் வந்ததன்று. அத்தகைய திட்டத்துக்குப் பணம் கொடுக்க நிதி நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறுத்தன. இறுதியில் வீடுகள் கட்டப்பட்டன, விற்கவும் பட்டன, இரு இனத்தவரும் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தார்கள். முதல் லெவிட்டவுனிலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில், அதே காலத்தில், இது நடந்தது. முடியாது என்று லெவிட் சொன்னதை வேறொருவர் செய்து காட்டியிருக்கிறார்.

மனநிலை இருந்தது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் மனநிலைக்கு முப்பது ஆண்டுக் கடனும் அரசின் முத்திரையும் கிடைக்கும்போது அது வேறொன்றாகிவிடுகிறது. ஒரு தலைமுறைக்குள் ஒரு நாட்டின் சொத்து வரைபடமே அதன்படி எழுதப்பட்டுவிடுகிறது.

#7 – மலைச்சாரல்

அந்த வீட்டுக்குள் இருந்த பெண்களைப் பற்றி இதுவரை எவரும் பேசவில்லை. போர்க்காலத்தில் விமானத் தொழிற்சாலைகளிலும் கப்பல் கட்டும் தளங்களிலும் ஆண்களின் வேலையைச் செய்த பெண்களில் பெரும்பாலோர் 1945-க்குப் பிறகு அந்த வேலைகளிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1950-களில் பெண்கள் முதல் திருமணம் செய்துகொள்ளும் வயது சராசரியாக இருபதுதான். 1957-இல் அந்நாட்டில் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 43 இலட்சம். ஒரு பெண்ணுக்கு மூன்று குழந்தைகளுக்கும் மேல் என்ற கணக்கு. 1949-இன் லெவிட்டவுன் வீட்டில் சமையலறை தெருப் பக்கமாக முன்புறம் அமைக்கப்பட்டது. தாய் சமைத்துக்கொண்டே வாசலையும் தெருவையும் கவனிக்கலாம். துவைக்கும் இயந்திரமும் வீட்டின் விலையிலேயே அடங்கியிருந்தது. கருவிகள் பெருகியபோதும் வேலை நேரம் குறையவில்லை. தூய்மைக்கான அளவுகோலும், குழந்தைகளைக் காரில் அழைத்துச் செல்லும் கடமையும் உடன் வளர்ந்தன.

கடனைப் பற்றிப் பேசிய நண்பர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மணமான பெண் வேலைக்குச் சென்று ஊதியம் ஈட்டினாலும், வீட்டுக் கடனுக்கான தகுதியைக் கணக்கிடும்போது அவரது வருமானத்தைக் கடன் நிறுவனங்கள் பெரும்பாலும் முழுமையாக ஏற்கவில்லை. அவர் கருவுற்று வேலையை விட்டுவிடுவார் என்பது அவர்களின் வாதம். குழந்தை பெறும் வாய்ப்பில்லை என்று மருத்துவரிடம் சான்று பெற்று வரச் சொன்ன வழக்கமும் இருந்தது. கடன் வழங்குவதில் பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் 1974-இல்தான் வந்தது. ஆக, அந்தக் கடன் முறை இனத்தோடு குடும்ப வடிவத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுத்தது: ஊதியம் ஈட்டும் கணவன், வீட்டிலிருக்கும் மனைவி, குழந்தைகள்.

ஆனாலும் பெண்கள் வேலைக்குத் திரும்பினார்கள். 1960-க்குள் பணியிலிருந்த பெண்களின் எண்ணிக்கை போர்க்கால உச்சத்தையே தாண்டிவிட்டது. மணமான பெண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் வேலைக்குச் சென்றுகொண்டிருந்தார்கள். கார் தவணையையும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தையும் ஒரே ஊதியத்தில் சமாளிக்க முடியவில்லை. 1960-இல் கருத்தடை மாத்திரைக்கு அரசின் ஒப்புதல் கிடைத்தது. 1960-களின் பெண்ணுரிமை இயக்கம் வானத்திலிருந்து இறங்கியதன்று. ஊதியம் வாங்கியும் தன் பெயரில் கடன் பெற முடியாத பெண்களின் அன்றாட அனுபவத்திலிருந்து அது எழுந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

#8 – கல்தூண்

தொழிற்சங்கங்களை ஒதுக்கிவிட்டு இந்த உரையாடல் முழுமை பெறாது. 58 டாலர் தவணையை முப்பது ஆண்டுகள் கட்டுவேன் என்று ஒரு தொழிலாளி துணிந்து கையெழுத்திட வேண்டுமானால், ஊதியம் நிலையாக வரும் என்ற நம்பிக்கை தேவை. 1950-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கும் வால்டர் ரூதர் தலைமையிலான மோட்டார்த் தொழிலாளர் சங்கத்துக்கும் ஏற்பட்ட ஐந்தாண்டு ஒப்பந்தம் அந்த நம்பிக்கையைத் தந்தது. விலைவாசி உயர்ந்தால் ஊதியமும் உயரும், ஓய்வூதியம் உண்டு, மருத்துவக் காப்பீட்டில் நிறுவனம் பங்கு செலுத்தும். 1950-களின் நடுவில் வேளாண்மை அல்லாத தொழில்களில் மூன்றில் ஒரு பங்குத் தொழிலாளர்கள் சங்கங்களில் இருந்தார்கள். அதே காலத்தில் உச்ச வருமானத்தின் மீதான வரி விகிதம் 91 விழுக்காடு.

1959 ஜூலையில் மாஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கண்காட்சியில், மாதிரிச் சமையலறை முன்பு நின்று அமெரிக்கத் துணை அதிபர் நிக்சன் சோவியத் தலைவர் குருஷ்சேவிடம் சொன்ன செய்தி நினைவுக்கு வருகிறது: வேலைநிறுத்தத்தில் இருக்கும் எங்கள் உருக்காலைத் தொழிலாளர்களாலும் இந்த 14,000 டாலர் வீட்டை வாங்க முடியும் என்றார். அப்போது ஏறத்தாழ ஐந்து இலட்சம் உருக்காலைத் தொழிலாளர்கள் உண்மையிலேயே வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். அந்த வீட்டை வாங்கும் வலிமையை அவர்களுக்குத் தந்ததில் அத்தகைய போராட்டங்களுக்கும் பங்குண்டு என்பதை அவர் சொல்லவில்லை.

#9 – பழையபுத்தகம்

மாபெரும் பண்பாட்டு மாற்றம் இந்தப் புறநகரங்களிலிருந்து எப்படிக் கிளம்பியது என்பதே எனக்கு மிகவும் ஆர்வமூட்டும் பகுதி. மனிதர்களைத் தடுத்த சுவர்களால் வானொலி அலைகளைத் தடுக்க முடியவில்லை.

1950-இல் அமெரிக்க வீடுகளில் பத்தில் ஒன்றில்கூடத் தொலைக்காட்சி இல்லை. 1960-இல் பத்தில் ஒன்பது வீடுகளை அது நெருங்கிவிட்டது. நாடகங்களும் நகைச்சுவைத் தொடர்களும் விளம்பரதாரர்களும் வானொலியை விட்டுத் தொலைக்காட்சிக்குச் சென்றபோது, உள்ளூர் வானொலி நிலையங்கள் நேரத்தை நிரப்ப வழியின்றி இசைத்தட்டுகளை நாடின. மெம்பிஸ் நகரின் டபிள்யூ.டி.ஐ.ஏ. நிலையம் 1949 அளவில் முழுக்கக் கறுப்பின நேயர்களுக்கான நிலையமாக மாறியது. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற பி.பி. கிங் அங்கே அறிவிப்பாளராக இருந்தார். கிளீவ்லண்டில் ஆலன் ஃபிரீட் 1951 முதல் இரவு நேரங்களில் கறுப்பினக் கலைஞர்களின் ரிதம் அண்டு புளூஸ் பாடல்களை ஒலிபரப்பினார். தெருவில் கறுப்பின அண்டைவீட்டார் ஒருவரையும் பார்த்திராத வெள்ளையின இளைஞர்கள், தங்கள் படுக்கையறையில் அந்த இசையைக் கேட்டு வளர்ந்தார்கள். 1949-இல் வந்த, நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறிய இசைத்தட்டும், 1954-இன் இறுதியில் விற்பனைக்கு வந்த டிரான்சிஸ்டர் வானொலியும் பெற்றோரின் கண்காணிப்பிலிருந்து இசையை வெளியே எடுத்துச் சென்றன. கறுப்பினப் பாடகர்களான சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட் ஆகியோரின் பாடல்கள் வெள்ளை இளைஞர்களிடையே விற்றுத் தீர்ந்தன. 1956 செப்டம்பர் 9 அன்று எல்விஸ் பிரெஸ்லி தேசியத் தொலைக்காட்சியின் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி ஒன்றில் தோன்றியபோது ஏறத்தாழ ஆறு கோடிப் பேர் பார்த்தார்கள்.

இசைக்குக் கிடைத்த அனுமதி இசைத்தவருக்குக் கிடைக்கவில்லை என்பதற்கு நாட் கிங் கோல் ஒருவரே போதும். நாடு முழுவதும் விரும்பப்பட்ட அந்தக் கறுப்பினப் பாடகர் 1948-இல் லாஸ் ஏஞ்சலஸின் ஹான்காக் பார்க் பகுதியில் வீடு வாங்கியபோது, அங்கிருந்த வீட்டு உரிமையாளர்கள் அவரைத் தடுக்க ஒன்று திரண்டார்கள். 1956 நவம்பரில் அவருக்கென ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கியது. தேசிய அளவிலான விளம்பரதாரர் ஒருவரும் முன்வராததால் 1957 டிசம்பரில் நின்றுபோனது. தங்கள் வரவேற்பறையில் அவரது இசைத்தட்டைச் சுழலவிட்டவர்கள் அவரைப் பக்கத்து வீட்டில் ஏற்கவில்லை. இதை எழுதும்போதே எனக்கு ஆறவில்லை.

#10 – வடவாறு

இளைஞர் பண்பாட்டைக் குறித்து ஒரு துணைக் கேள்வி: 1960-களின் மாணவர் கிளர்ச்சியைச் செழிப்புக்கு எதிரான கலகம் என்று சொல்வதா, செழிப்பின் விளைவு என்று சொல்வதா? அந்நாளில் நம்மவர் எவரேனும் அங்கே இருந்தார்களா என்பதையும் அறிந்தவர்கள் சொல்லலாம்.

#11 – பழையபுத்தகம்

முதல் கேள்விக்கு என் விடை: விளைவு. 1940-இல் ஏறத்தாழ 15 இலட்சமாக இருந்த கல்லூரி மாணவர் எண்ணிக்கை 1960-இல் 36 இலட்சத்தைத் தொட்டது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் 80 இலட்சத்தை நெருங்கியது. போர் வீரர்களுக்காக விரிவாக்கப்பட்ட பல்கலைக்கழகங்களில், சோவியத் ஒன்றியம் ஏவிய முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கின் அதிர்ச்சிக்குப் பிறகு 1958-இல் இயற்றப்பட்ட கல்விச் சட்டத்தின் உதவியோடு, அவர்களின் பிள்ளைகள் சேர்ந்தார்கள். வேலையைப் பற்றிய அச்சமின்றி நான்கு ஆண்டுகள் படிக்கவும் சிந்திக்கவும் வாய்ப்புப் பெற்ற முதல் பெரிய தலைமுறை அது. ஆனால் வழிகாட்டியவர்கள் அந்தப் புறநகர்ப் பிள்ளைகள் அல்லர். 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலைனாவின் கிரீன்ஸ்பரோ நகரில், வெள்ளையர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட உணவு மேடையில் அமர்ந்து எழ மறுத்த நான்கு கறுப்பின மாணவர்களிடமிருந்து அவர்கள் கற்றுக்கொண்டார்கள். 1964-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேச்சுரிமைக்காகப் போராடியவர்களில் சிலர், அந்தக் கோடையில் மிசிசிப்பியில் வாக்காளர் பதிவுப் பணியில் ஈடுபட்டுத் திரும்பியவர்கள்.

இரண்டாவது கேள்வி. 1946-இன் சட்டம் இந்தியர்களுக்குக் குடியுரிமை பெறும் உரிமையை அளித்தது. ஆனால் ஆண்டுக்கு நூறு பேருக்கு மட்டுமே குடியேற அனுமதி. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1937 முதல் பணியாற்றிய வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1953-இல் அமெரிக்கக் குடிமகன் ஆனார். அவரைப் போன்றோர் மிகச் சிலரே. பெருவாரியாகச் செல்லும் வழியை 1965-இன் குடியேற்றச் சட்டம்தான் திறந்தது. அந்தச் சட்டமும் கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டங்கள் உண்டாக்கிய சூழலில் பிறந்ததே.

#12 – தாமிரபரணி

அனைவருக்கும் நன்றி. நெடுஞ்சாலைகளை எவரும் குறிப்பிடாததால் அதையும் சேர்க்கிறேன். 1956-இன் நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் சாலைக்கு வழிவகுத்தது. செலவில் 90 விழுக்காட்டை மத்திய அரசு ஏற்றது. புறநகரில் வாழ்ந்து நகரத்தில் வேலை செய்ய அந்தச் சாலைகள் உதவின. ஆனால் நகரத்துக்குள் அவை எந்த வழியாகச் சென்றன? செயின்ட் பால் நகரில் ரோண்டோ என்ற கறுப்பினக் குடியிருப்பைப் பிளந்துகொண்டும், டெட்ராய்டில் கறுப்பினத்தவரின் கடைகளும் இசையரங்குகளும் நிறைந்திருந்த ஹேஸ்டிங்ஸ் தெருவை அழித்தும் சென்றன. புறநகரில் வீடு வாங்க முடியாதவர்கள், நகரத்தில் இருந்த வீட்டையும் இழந்தார்கள்.

#13 – நெய்தல்

தாமிரபரணி அவர்களின் கடைசி வரியையொட்டி ஒன்றைக் கூறுகிறேன். வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம், மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்துக்குப் பின், 1968 ஏப்ரலில் நிறைவேறியது. அதற்குள் லெவிட்டவுனின் முதல் வீடுகள் எழுந்து இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. 7,990 டாலருக்கு முன்பணமின்றி வாங்கியவர்கள் தங்கள் கடனில் பெரும்பகுதியைத் தீர்த்திருந்தார்கள். வீட்டின் மதிப்பு பன்மடங்கு உயரத் தொடங்கியிருந்தது. அந்த உயர்வை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், தொழில் தொடங்கினார்கள், முதுமையில் எவரையும் சாராமல் வாழ்ந்தார்கள், இறந்தபோது வாரிசுகளுக்கு விட்டுச் சென்றார்கள். 1947-இல் அதே தகுதியோடு வரிசையில் நின்றும் திருப்பி அனுப்பப்பட்ட கறுப்பின வீரரின் மகனுக்கு, 1968-இன் சட்டம் அந்த ஊரில் வீடு வாங்கும் உரிமையைத் தந்தது. பழைய விலையையும் பழைய சலுகையையும் தரவில்லை. 2010-இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் லாங் தீவின் லெவிட்டவுனில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவராகவே இருந்தார்கள்.